பேரீச்ச மரங்களைத் திருப்பிக் கொடுத்த வருடம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஒக்டோபர் மாதம் முடியப் போகிறது என்றால் எங்கள் புத்தளத்து வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு விதமான பதிவுகள் வரத் தொடங்கும். ஒன்று, 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் நினைவுகள். மற்றது, அவர்களை இந்த ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்பது. இரண்டாவது வகைப் பதிவில் தவறாமல் ஒரு வசனம் இருக்கும்: நாங்கள் அன்ஸாரிகள், அவர்கள் முஹாஜிர்கள். அதற்குக் கீழே வரிசையாக 'மாஷா அல்லாஹ்'. இரவு பத்து மணிக்குப் பிறகு யாராவது ஒருவர் ஒரு வரி போடுவார்: "அன்றைக்குச் சோறு போட்டது யார் என்று மறந்துவிட்டதா?" மற்றப் பக்கத்திலிருந்து உடனே பதில் வரும்: "நாங்கள் வந்த பிறகுதானே இந்த ஊரில் நாலு கடை வந்தது?" பிறகு அட்மின் குழுவைப் பூட்டுவார். அடுத்த ஒக்டோபர் வரை அமைதி.

அன்ஸார், முஹாஜிர் என்று ஒப்பிடுவது எங்களுக்குப் பிடித்த விடயம். அதில் பிழையும் இல்லை. ஆனால் அந்தக் கதையின் முதல் சில மாதங்களை மட்டும்தான் நாங்கள் சொல்லிப் பழகியிருக்கிறோம். மேடையிலும் அப்படி, குத்பாவிலும் அப்படி, ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் எழுதிய பாடக்குறிப்புகளிலும் அப்படி. ஸஃத் அவர்கள் பாதிச் சொத்தைத் தர முன்வந்தார்கள், அப்துர் ரஹ்மான் அவர்கள் சந்தைக்கு வழி கேட்டார்கள், மணியடித்தது, பாடம் முடிந்தது. உண்மையில் கொடுத்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் இடையிலான அந்த வரலாறு பத்து வருடம் ஓடியது. கொடுக்கும் முறையை அவர்கள் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். வாங்கும் முறையையும் படித்தார்கள். நடுவில் மனத்தாங்கல்கூட வந்தது. எங்கள் ஊருக்குத் தேவையான பகுதி அந்தப் பிந்திய வருடங்களில்தான் இருக்கிறது.

முதலில் எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், இளம் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால். 1990 ஒக்டோபரின் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி காலை ஒலிபெருக்கியில் அறிவித்து, இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்தார்கள். நகைகளும் பணமும் அங்கேயே பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவில் இருந்தவர்கள் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். மொத்தம் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிறைந்தன. வீட்டுக்கு வீடு சமைத்தார்கள், தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. எங்களில் பலர் அப்போது தொட்டிலில் இருந்தோம், அல்லது பிறக்கவே இல்லை. நாங்கள் அறிந்ததெல்லாம் உம்மாமாரும் வாப்பாமாரும் சொன்னது. இரண்டு வாரத்தில் திரும்பிப் போகலாம் என்றுதான் வந்தவர்களும் நினைத்தார்கள், இடம் கொடுத்தவர்களும் நினைத்தார்கள். அது இருபது வருடமானது.

இரண்டு வாரத்துக்குக் கொடுப்பது ஒன்று. இருபது வருடத்துக்குக் கொடுப்பது முற்றிலும் வேறொன்று. வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் கடலிலும் வேலைக்கு ஆள் கூடியது, கூலி குறைந்தது. வகுப்பறையில் ஒரே வாங்கில் ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். கிணற்றடியில் வரிசை நீண்டது. நிவாரண அரிசி முகாமுக்குப் போனது, பக்கத்து வீட்டு ஏழைக்குப் போகவில்லை. மனக்கசப்புக்குக் காரணம் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. மனிதர்கள் மாறிவிட்டார்கள் என்று இரண்டு பக்கமும் சொல்வதை நாங்கள் அவ்வளவாக நம்புவதில்லை. நிலைமை நீண்டது, அதற்கேற்ப முறை வகுக்கப்படவில்லை என்பதே எங்கள் கருத்து. மதீனாவில் வகுத்தார்கள்.

கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது தரப்பட்டதையெல்லாம் வாங்கிக்கொள்ளவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். மக்காவை விட்டுப் புறப்படும் முன்பே அபூபக்கர் (ரழி) அவர்கள் பயணத்துக்கென வளர்த்த இரண்டு ஒட்டகங்களில் ஒன்றைத் தர, நபியவர்கள் அதை விலைக்குத்தான் எடுத்துக்கொண்டார்கள். அபூபக்கர் அவர்களைவிட நெருங்கிய தோழர் யார்? அப்படியிருந்தும் விலைக்கு. பள்ளிவாசல் கட்டத் தெரிவு செய்த நிலம் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. ஸஹ்ல், ஸுஹைல் என்று பெயர். அவர்கள் நிலத்தை அன்பளிப்பாகவே தருகிறோம் என்றார்கள். நபியவர்கள் சம்மதிக்கவில்லை, விலை கொடுத்தே வாங்கினார்கள். அதே நேரம் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரழி) அவர்களின் வீட்டில் மாதக்கணக்கில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார்கள், அதற்கு வாடகை பேசவில்லை. எதை வாங்கலாம், எதை விலைக்கு எடுக்கலாம், யாரிடமிருந்து வாங்கக் கூடாது என்று பிரித்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் மனமுவந்து தந்தாலும் அது பிள்ளைகளின் ஒரே சொத்து என்பதை வாங்குபவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி ஸஃத் இப்னு ரபீஉ (ரழி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) கதை. எல்லோருக்கும் தெரிந்தது, நீட்டவில்லை. ஆனால் இந்தக் கதையை எங்கள் ஊரில் ஒரு தடியாகப் பாவிக்கிறார்கள். "ஸஹாபாக்கள் சந்தை எங்கே என்றுதான் கேட்டார்கள், இவர்கள் கூப்பன் எங்கே என்று கேட்கிறார்கள்" என்று முகாம் மக்களைப் பார்த்து ஒருகாலத்தில் சொன்னதைப் பெரியவர்கள் மறக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் இரண்டு விடயங்களை விட்டுவிடுகிறார்கள். அப்துர் ரஹ்மான் அவர்கள் முதலில் கேட்டது சந்தையை அல்ல. முதலில் ஸஃத் அவர்களின் குடும்பத்துக்கும் செல்வத்துக்கும் பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள், அதன் பிறகே வழி கேட்டார்கள். தந்த கையைத் தட்டிவிட்டுப் போகவில்லை. அடுத்தது, அவர் மக்காவில் தேர்ந்த வியாபாரி. பனூ கைனுகா சந்தையில் பாலாடையும் நெய்யும் விற்றுச் சில நாளில் நிமிர்ந்துவிட்டார். எல்லோருக்கும் அந்தக் கை இருக்கவில்லை. பள்ளிவாசல் திண்ணையில் தங்கியிருந்த ஸுஃப்பாத் தோழர்களுக்கு வீடில்லை, தொழிலில்லை. அவர்கள் பிறர் தந்ததைச் சாப்பிட்டார்கள். அதற்காக யாரும் அவர்களைக் குறைவாகப் பேசவில்லை. அப்துர் ரஹ்மான் அவர்களின் கதை வாங்குபவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள நல்லது. கொடுப்பவர் அதை எடுத்து வாங்குபவரின் முகத்துக்கு முன் ஆட்டக் கூடாது.

ஸஃத் அவர்களைப் பற்றி இன்னொன்று. அவர் 625இல் உஹதுப் போரில் ஷஹீதானார். அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஒன்றும் வைக்காமல் சொத்தை அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். மனைவி நபியவர்களிடம் வந்து முறையிட்டார். அதைத் தொடர்ந்தே வாரிசுரிமை வசனம் இறங்கி, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. பாதிச் சொத்தைத் தர முன்வந்த மனிதரின் பிள்ளைகளே இப்படி வெறுங்கையோடு நிற்க நேர்ந்தது. இந்தப் பகுதியைப் பாடப்புத்தகத்தில் நாங்கள் கண்டதில்லை.

அன்ஸாரிகளும் எடுத்த எடுப்பிலேயே குறைவில்லாமல் கொடுத்துவிடவில்லை. ஸுஃப்பாத் தோழர்கள் சாப்பிடுவதற்காகப் பேரீச்சங் குலைகளைக் கொண்டுவந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். பசித்தவர் தடியால் தட்டி உதிர்ந்ததைச் சாப்பிடலாம். அருமையான ஏற்பாடு, யாரிடமும் கையேந்தத் தேவையில்லை. ஆனால் சிலர் சூம்பிப்போன, உடைந்த குலைகளைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்கள். தனக்குத் தந்தால் முகம் சுளித்தே வாங்கக்கூடிய பொருளைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள் என்ற பொருளில் ஸூரத்துல் பகராவின் 267ஆம் வசனம் இறங்கியது அதையொட்டித்தான் என்று பராஉ இப்னு ஆஸிப் (ரழி) அறிவிக்கிறார்கள். வெள்ளம் வந்தால் பள்ளிவாசலில் உடுப்புச் சேர்ப்போம் அல்லவா? பொத்தான் இல்லாத சேட்டும் ஒற்றைச் செருப்பும் பிரித்தெடுத்து அனுபவப்பட்டவர்களுக்கு இந்த வசனத்தை விளக்கத் தேவையில்லை.

இப்போது பேரீச்ச மரங்களுக்கு வருகிறோம். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான்.

மதீனாவின் சொத்து என்றால் பேரீச்சந் தோட்டம். அன்ஸாரிகள் நபியவர்களிடம் வந்து, எங்கள் மரங்களை எங்களுக்கும் முஹாஜிர் சகோதரர்களுக்கும் இடையில் பங்கிட்டுத் தாருங்கள் என்று கேட்டார்கள். நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், கொடுப்பவர்கள் தயார், வாங்குபவர்களுக்கோ கையில் ஒன்றுமில்லை. மறுக்க என்ன காரணம்? ஆனால் அன்று பங்கிட்டிருந்தால் ஒரே நாளில் ஒருவர் நிலத்தை இழந்தவராகவும் மற்றவர் காலமெல்லாம் கடன்பட்டவராகவும் ஆகியிருப்பார்கள் என்று எங்களுக்குப் படுகிறது. பிறகு வேறொரு முறைக்கு இணங்கினார்கள். மரம் அன்ஸாரிக்கே சொந்தம். முஹாஜிர் தோட்டத்தில் உழைப்பார், விளைச்சலில் பங்கு எடுப்பார். மக்காவின் வியாபாரிகள் தண்ணீர் இறைக்கவும் மரம் பராமரிக்கவும் பழகினார்கள்.

இதைத் தவிர, சில குடும்பங்கள் தங்கள் மரங்களில் சிலவற்றின் பழத்தை முழுமையாகவே முஹாஜிர்களுக்கு விட்டுக்கொடுத்தன. அரபிகளிடம் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு: மனீஹா. பால் தரும் ஆட்டையோ ஒட்டகத்தையோ தேவைப்பட்டவரிடம் விடுவார்கள். பாலை அவர் குடிப்பார், தேவை தீர்ந்ததும் ஆடு சொந்தக்காரரிடம் திரும்பும். மரத்திலும் அப்படியே, பழம் அவருக்கு, மரம் இவருக்கு. இது தர்மம் என்று சொல்லி ஒருவரைக் கீழே வைப்பதும் அல்ல, கடன் என்று சொல்லி நெருக்குவதும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் மானத்தோடு வாங்குவதற்கு ஒரு வழி. வாங்குபவருக்கு ஒருநாள் எழுந்து நின்று "இந்தாருங்கள்" என்று சொல்லும் சந்தர்ப்பத்தையும் அது முன்கூட்டியே வைத்துக்கொடுக்கிறது.

அந்த நாளும் வந்தது. 628இல், ஹிஜ்ரி ஏழாம் வருடம், கைபர் வெற்றிக்குப் பிறகு முஹாஜிர்களின் கையில் சொந்தமாக வருமானம் வந்தது. அவர்கள் மதீனாவுக்குத் திரும்பியதும், அன்ஸாரிகள் தந்திருந்த மரங்களை அன்ஸாரிகளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அனஸ் இப்னு மாலிக் (ரழி) அறிவிக்கும் இந்தச் செய்தி புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆறு வருடம் கழித்து ஒரு சமூகம் இன்னொரு சமூகத்துக்கு மரங்களைத் திருப்பிக் கொடுக்கிறது. அதைப் பற்றி எத்தனை பயான் கேட்டிருக்கிறோம்? சந்தைக்கு வழி கேட்டதை ஆயிரம் தடவை கேட்டிருப்போம்.

இதில் சின்னதொரு சிக்கலும் நடந்தது. அனஸ் அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரழி) சில மரங்களை நபியவர்களுக்குத் தந்திருந்தார்கள். நபியவர்கள் அவற்றை உம்மு ஐமன் (ரழி) அவர்களிடம் கொடுத்திருந்தார்கள். உம்மு ஐமன் யார் தெரியுமா? நபியவர்களைச் சிறுவயதில் தூக்கி வளர்த்த, அபிசீனியாவைச் சேர்ந்த தாய். மரங்களைத் திருப்பும் நேரம் வந்தபோது அவர் மறுத்துவிட்டார். அனஸ் அவர்களின் கழுத்தில் துணியைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தந்துவிட்டதை உங்களுக்குத் தரவே மாட்டார் என்று சத்தியம் பண்ணினார். நபியவர்கள் பகிடி பண்ணவில்லை, அதட்டவில்லை, சட்டம் பேசவில்லை. அதற்குப் பதிலாக இவ்வளவு தருகிறேன் என்றார்கள். முடியாது என்றார். இன்னும் இவ்வளவு என்றார்கள். முடியாது. இப்படிக் கூட்டிக் கூட்டி, கிட்டத்தட்ட பத்து மடங்கு வரை போனது. கடைசியில் சம்மதித்தார். மரங்கள் உம்மு ஸுலைம் அவர்களிடம் போயின, நபியவர்கள் தங்கள் தோட்டத்திலிருந்து உம்மு ஐமன் அவர்களுக்குக் கொடுத்தார்கள். வருடக்கணக்காக அனுபவித்த ஒன்றை விட மனம் வராது. அது பேராசை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. வயதான தாயின் பிடிவாதத்துக்கும் அந்த வரலாற்றில் இடம் இருந்தது.

எங்கள் ஊரில் இந்த மாதிரி வேலைகள் இன்னும் முடியவில்லை. வாய்வார்த்தையில் தந்த காணிகள் இருக்கின்றன, உறுதி எழுதாத காணிகள். தந்தவரும் மௌத், வாங்கியவரும் மௌத். இப்போது பேரப்பிள்ளைகள் காணிக் கச்சேரியில் முகம் பார்க்காமல் நிற்கிறார்கள். தந்தது என்ன, முழுவதுமாகவா, இருக்கும்வரைக்குமா என்று அன்றைக்கு ஒரு கடதாசியில் எழுதியிருந்தால் அன்பு குறைந்திருக்காது.

பெரிய விடயங்களை விட்டு அன்றாட விடயங்களைப் பார்த்தாலும் இதே கவனம் தெரிகிறது. பரீரா (ரழி) என்ற பெண் அடிமையாக இருந்து விடுதலையானவர். அவருக்குத் தர்மமாக இறைச்சி கிடைத்தது. நபியவர்கள் தர்மப் பொருள் சாப்பிடுவதில்லை, ஆகவே அதை அவர்களுக்குக் கொடுக்க வீட்டில் தயங்கினார்கள். நபியவர்களோ, அது பரீராவுக்குத்தான் தர்மம், அவரிடமிருந்து நமக்கு வரும்போது அன்பளிப்பு என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். சட்டக் கிதாபுகளில் இதை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிவது பரீரா அவர்களின் முகம். நேற்றுவரை வாங்கியவர் இன்று கொடுத்தவராகிவிட்டார்.

நிவாரண மாவில் ரொட்டி சுட்டு, அதில் இரண்டைத் தட்டில் வைத்து உள்ளூர் வீட்டுக்கு அனுப்பிய முகாம்வாசிகளைப் பற்றி எங்கள் உம்மாமார் சொல்வார்கள். சில வீடுகளில் வாங்கினார்கள். சில வீடுகளில், "ஐயோ, உங்களுக்கே போதாதே, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று இரக்கத்தோடு திருப்பி அனுப்பினார்கள். அந்த இரக்கம் எவ்வளவு வலித்தது என்று முகாமில் வளர்ந்த எங்கள் சக ஆசிரியைகள் இன்றைக்கும் சொல்கிறார்கள். வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பக் கூடாது, ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்ப வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் சொல்லாமலே பழகிய விடயம். பெருநாள் வட்டிலப்பம் வந்த பாத்திரம் காலியாகப் போகாது. ஆனால் முகாம்காரர் தட்டைத் திருப்ப வந்தபோது மட்டும் அந்த வழக்கம் சில வாசல்களில் மறந்துபோனது.

வாங்க முடியாத நேரமும் உண்டு. ஸஃப் இப்னு ஜஸ்ஸாமா (ரழி) வேட்டையாடிய காட்டுக் கழுதையைக் கொண்டுவந்து கொடுத்தபோது நபியவர்கள் இஹ்ராமில் இருந்தார்கள், ஆகவே ஏற்கவில்லை. ஆனால் கொண்டுவந்தவரின் முகம் மாறியதைக் கண்டதும், இஹ்ராமில் இருப்பதால்தான் திருப்பித் தருகிறோம், வேறு காரணம் இல்லை என்று விளக்கம் சொன்னார்கள். 'வேண்டாம்' என்று சொல்லும்போது அடுத்தவரின் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

இனி ஹுனைன். கி.பி. 630. எங்கள் வட்ஸ்அப் சண்டைக்கு மிக நெருக்கமான இடம் இதுதான்.

மக்கா வெற்றியும் ஹுனைன் போரும் முடிந்து, ஜிஃரானாவில் வைத்துப் பெருந்தொகையான ஒட்டகங்களும் ஆடுகளும் பங்கிடப்பட்டன. நேற்றுவரை எதிரிகளாக இருந்த குறைஷித் தலைவர்களுக்கு, அபூ ஸுஃப்யானைப் போன்றவர்களுக்கு, ஆளுக்கு நூறு ஒட்டகங்கள் போயின. அவர்களின் உள்ளங்களை இணைப்பதற்காக. அன்ஸாரிகளுக்கு ஒன்றும் இல்லை. இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். வாள் பிடித்தது நாங்கள், பங்கு அவர்களுக்கா, சொந்த ஊராரைக் கண்டதும் எங்களை மறந்துவிட்டார்களே என்ற மாதிரிப் பேச்சு. தலைவர் ஸஃத் இப்னு உபாதா (ரழி) போய் நபியவர்களிடம் உள்ளதைச் சொன்னார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று நபியவர்கள் கேட்டபோது, நானும் என் சமூகத்தில் ஒருவன்தான் என்று மறைக்காமல் சொன்னார்கள்.

நபியவர்கள் அன்ஸாரிகளை மட்டும் தனியாக ஒன்றுகூட்டினார்கள். வந்தவர்கள் கண்டனம் வரும் என்று நினைத்திருப்பார்கள். நபியவர்கள் அங்கே சொன்னதன் சாரம் இது: நீங்கள் விரும்பினால் என்னிடம் இப்படிச் சொல்லலாம், சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். ஊரார் பொய்யர் என்று தள்ளியபோது வந்தீர், நாங்கள் நம்பினோம். விரட்டப்பட்டு வந்தீர், இடம் கொடுத்தோம். இல்லாதவராக வந்தீர், தாங்கினோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவது தர்மத்தைப் பாழாக்கிவிடும் என்று குர்ஆன் சொல்கிறது. அன்ஸாரிகளின் வாயில் அந்த வார்த்தைகள் வரக் கூடாது. அதே வார்த்தைகளை, ஒன்றுகூட விடாமல், வாங்கியவர் தன் வாயால் சொல்கிறார். கொடுத்தவர் பேசாமல் இருக்க வேண்டும் என்றால், வாங்கியவர் பேச வேண்டும். ஒரு பக்கம் வாய் திறக்காதபோதுதான் மறுபக்கம் மறதியில் விழுகிறது, அப்போதுதான் இந்தப் பக்கம் பொறுமை இழந்து சொல்லிக் காட்டத் தொடங்குகிறது. எங்கள் குழுக்களில் நடப்பது அதுதான். அன்ஸாரிகள் என்ன பதில் சொன்னார்கள்? அந்த உபகாரமெல்லாம் அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் உரியது என்றார்கள். அவ்வளவுதான். பட்டியலை அவர்கள் கையில் எடுக்கவில்லை. மற்றவர்கள் ஆடும் ஒட்டகமும் ஓட்டிக்கொண்டு போகட்டும், நீங்கள் அல்லாஹ்வின் தூதரை உங்களோடு கூட்டிக்கொண்டு போவது போதாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். அன்ஸாரிகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் துஆச் செய்தார்கள். தாடி நனைய அழுதார்கள் என்று அறிவிப்பில் இருக்கிறது.

முஹாஜிர்களின் பக்கத்திலும் ஒரு கவலை இருந்தது. எங்களுக்கு இவ்வளவு செய்கிறார்களே, மறுமையின் கூலி எல்லாவற்றையும் இவர்களே கொண்டுபோய்விடுவார்களோ என்று நபியவர்களிடம் போய்க் கேட்டார்கள். அவர்களுக்காகத் துஆச் செய்து, அவர்களைப் பாராட்டிக்கொண்டிருக்கும் காலமெல்லாம் அப்படி ஆகாது என்று பதில் கிடைத்தது. ஆக, வெறுங்கையோடு வாங்குபவரிடமும் கொடுப்பதற்கு ஏதோ இருந்தது.

632இல் நபியவர்கள் மரண நோயில், தலையில் துணி கட்டிக்கொண்டு மிம்பரில் ஏறியபோதும் அன்ஸாரிகளைப் பற்றித்தான் பேசினார்கள். மற்ற மக்கள் பெருகுவார்கள், அன்ஸாரிகள் குறைந்து, சாப்பாட்டில் உப்பின் அளவுக்கு ஆகிவிடுவார்கள் என்றார்கள். (உப்பைப் பற்றி எங்கள் ஊருக்குச் சொல்லத் தேவையில்லை.) அவர்களில் நல்லவர்களிடமிருந்து ஏற்றுக்கொள்ளுங்கள், தவறியவர்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொறுப்பாளர்களுக்குச் சொல்லிவைத்தார்கள். பத்து வருடத்துக்கு முன் வாங்கியதற்கு.

எங்களிடையே 2009க்குப் பிறகு சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் இங்கேயும் அங்கேயுமாக இருக்கிறார்கள், பலர் இந்த மண்ணிலேயே நிலைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் கல்யாணம் முடித்திருக்கிறோம். எங்கள் வகுப்பில் யார் எந்தப் பக்கம் என்று இடாப்பைப் பார்த்தும் சொல்ல முடியாது. இருந்தும் இடைவேளையில் சண்டை வந்தால் 'அகதி' என்ற வார்த்தை வருகிறது. சொல்லும் பிள்ளையும் இங்கே பிறந்தது, கேட்கும் பிள்ளையும் இங்கே பிறந்தது. வீட்டில் கேட்காமல் அந்த வார்த்தை பாடசாலைக்கு வருவதில்லை.

இந்த வருடம் தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு ஒப்படை கொடுத்தோம். வழக்கமாக உள்ளூர்ப் பிள்ளைகள் "நாங்கள் கொடுத்தோம்" என்றும், வந்தவர்களின் பிள்ளைகள் "நாங்கள் இழந்தோம்" என்றும் எழுதுவார்கள். இந்தமுறை மாற்றிக் கேட்டோம். உள்ளூர்க் குடும்பத்துப் பிள்ளைகள், வந்தவர்களிடமிருந்து உங்கள் வீட்டுக்குக் கிடைத்தது என்ன என்று பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். மற்றவர்கள், முதல் நாள் சோறு தந்த வீடு யாருடையது என்று கேட்டு எழுத வேண்டும்.

வந்த தாள்கள் மேசையில் இருக்கின்றன. கொட்டில் பாடசாலையில் வாப்பாவுக்குக் கணக்குப் படிப்பித்தவர் மன்னாரிலிருந்து வந்த சேர், அவர் இல்லாவிட்டால் வாப்பா சாதாரண தரத்தில் சித்தியடைந்திருக்க மாட்டார் என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தையற்காரர் ஒருவர் உம்மாவுக்குத் துணி வெட்டப் பழக்கினார், காசு வாங்கவில்லை, இன்றைக்கு வீட்டில் மூன்று மெஷின் ஓடுகிறது என்று இன்னொன்று. ஒரு பிள்ளை, "எங்கள் வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னார்கள், பிறகு யோசித்துவிட்டு, என் மாமியே அங்கிருந்து வந்தவர்தானே என்றார்கள்" என்று எழுதியிருந்தது. சிரித்துவிட்டோம்.

மற்றப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாளுக்கு உங்கள் உதவி வேண்டும். அந்தப் பிள்ளையின் மூதாட்டி படகில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது கையில் கைக்குழந்தை. முதல் இரவு ஒரு வீட்டில் சோறும் பால்மாவும், குழந்தைக்குப் போர்த்த ஒரு சாரியும் தந்தார்கள். காலையில் லொறியில் ஏற்றிவிட்டார்கள், சாரியைத் திருப்பிக் கொடுக்க நேரம் கிடைக்கவில்லை, வீட்டுக்காரியின் பெயரையும் கேட்கவில்லை. இறங்கிய இடத்திலிருந்து நடக்கும் தூரம், வாசலில் முருங்கை மரம், கிணறு வீட்டுக்கு வலப்பக்கம். இவ்வளவுதான் ஞாபகம். சாரி இன்னும் அவர்களிடம் இருக்கிறது. அந்த வீடு யாருடையது என்று தெரிந்தவர்கள் எங்களுக்கு அறியத் தாருங்கள். மூதாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.